இதயத் தசையில் விடுபட்ட 25 எழுத்துகள்

பழனி மலைக்கோயிலுக்கு 693 படிகள். விஞ்சும் ரோப் காரும் இருந்தாலும், தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பாதயாத்திரையாக வருகிறவர்கள் பல நாள் நடந்த களைப்போடு படியேறித்தான் முருகனைப் பார்க்கிறார்கள். மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒருவர் பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். முப்பது, நாற்பது வயதுதான் இருக்கும். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. "மாரடைப்பாம்" என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் இளவயதில் இப்படிச் சாய்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்தக் குழாயில் அடைப்பு எதுவும் இருக்காது. கோளாறு குழாயில் இல்லை, இதயத்தின் தசையிலேயே இருக்கிறது.

கார்டியோமயோபதி என்று மருத்துவர்கள் சொல்லும் இதயத் தசை நோய் பல வகைப்படும். அதிகம் காணப்படுபவை இரண்டு. ஒன்றில் தசை தளர்ந்து, இதயம் பலூன்போல விரிகிறது. மற்றதில் வெளிப்படையான காரணம் இல்லாமல் தசை தடிக்கிறது. இந்தத் தடிப்பு வகையைத்தான் 1958-ல் லண்டனைச் சேர்ந்த டொனால்ட் டியர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் முதன்முதலில் தெளிவாக விவரித்தார். திடீரென இறந்துபோன இளைஞர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்தபோது, இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு பக்கமாகப் பருத்துக் கிடப்பதைக் கண்டார். இயல்பான சுவரின் தடிமன் 12 மில்லிமீட்டரைத் தாண்டாது. 15-ஐத் தொட்டால், அதற்கு ரத்த அழுத்தம் போன்ற வேறு காரணமும் இல்லையென்றால், நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எக்கோ அறையில் ஜெல்லைத் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு இடையே வைத்து, திரையில் துடிக்கும் அந்தச் சுவரின் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்து அளக்கும்போது வருகிற எண்தான் அது. 19, 22 என்று வந்தால், அளக்கிறவர் பேச்சை நிறுத்திவிட்டு இன்னொரு முறை அளப்பார்.

இந்த நோய் அபூர்வமானதல்ல. 500 பேருக்கு ஒருவர் என்பது பல நாடுகளில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. பலருக்கு ஆயுள் முழுக்க அறிகுறியே இருக்காது. சிலருக்குப் படியேறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், வேகமாக எழுந்தால் கண் இருட்டும். பருத்த சுவர், ரத்தம் வெளியேறும் வழியை ஒவ்வொரு துடிப்பிலும் அரைகுறையாக அடைப்பதால் வருகிற தொல்லை இது. உட்கார்ந்திருக்கும் நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், இதயத்தின் முரல் ஒலி கூடுவது கேட்கும். நிற்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அறை சுருங்குகிறது, அடைப்பு அதிகமாகிறது. உடலில் நீர் வற்றினாலும் இதே கதைதான். பாதயாத்திரைக்காரர் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்து வந்து படியேறுவது இந்த ஒரு நோய்க்கு மிகப் பொல்லாத சேர்க்கை.

பழனியிலிருந்து மேலே கொடைக்கானலுக்குப் போனால் வேறொரு சோதனை காத்திருக்கிறது. வத்தலக்குண்டு சமவெளியிலிருந்து காட் ரோட்டில் ஏறும் பேருந்து, சில மணி நேரத்துக்குள் சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஈடுகட்ட உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக, வலுவாகத் துடிக்கிறது. ஆரோக்கியமானவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நோய் கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோருக்கும் கொடைக்கானல் உயரம் தடையில்லை. வழி அடைபட்டிருக்கும் இதயத்துக்கு மட்டும் அந்த அட்ரினலின் நல்லதல்ல. இங்கிருந்துதான் மூலக்கூறு கதை தொடங்குகிறது, ஏனென்றால் அட்ரினலின் கடைசியில் போய்த் தொடும் இடங்களில் ஒன்று, இந்த நோயில் பழுதாகும் ஒரு புரதம்; அதன் மரபணுவைத்தான் பின்னாளில் மதுரையில் ஒரு குழு ஆராய்ந்தது.

இதயத் தசைச் செல்லுக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. தடித்த இழை மயோசினால் ஆனது, மெல்லியது ஆக்டினால். ஒரு தடித்த இழையின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 1.6 பங்கு. அதற்குள் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். துடிப்பின்போது தலைகள் நீண்டு ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, மீண்டும் பற்றுகின்றன. இதற்கு எரிபொருள் ஏ.டி.பி. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பு என்றால், எவ்வளவு எரிபொருள் தேவை என்று யோசித்துப் பாருங்கள். சிக்கனத்துக்கும் ஏற்பாடு உண்டு. எல்லாத் தலைகளும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. பல தலைகள் தண்டோடு மடங்கி, ஏ.டி.பி.-யை மிக மெதுவாகச் செலவழித்துக்கொண்டு ஓய்வெடுக்கின்றன.

எத்தனை தலைகள் ஓய்வில் இருக்க வேண்டும், எத்தனை வேலைக்கு வர வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் காவலர்களில் ஒன்றுதான் மயோசின் பிணைப்புப் புரதம்-சி. 1,274 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட புரதம். அதன் வால் முனை தடித்த இழையில் ஊன்றியிருக்கிறது. தலை முனை மயோசின் தலைகளையும் ஆக்டினையும் தொட்டு அவற்றை அடக்கி வைக்கிறது. அட்ரினலின் சுரந்தால் இந்தத் தலை முனையில் பாஸ்பேட் ஏறி, பிடி தளர்கிறது. மயோசின் தலைகள் கூட்டமாக வேலைக்கு வருகின்றன. மலையேறும்போது நம் இதயம் வலுவாகத் துடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இந்த நோய்க்கு மரபணுதான் காரணம் என்பது 1990-ல் உறுதியானது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், தலைமுறை தலைமுறையாகத் திடீர் மரணம் நிகழ்ந்துவந்த ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்த ஹார்வர்டின் கிறிஸ்டீன் சைட்மன், ஜொனாதன் சைட்மன் தம்பதியின் குழு, மயோசின் மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. 1995-ல் பிணைப்புப் புரதம்-சி-யின் மரபணுவிலும் பிழைகள் அகப்பட்டன. எம்.ஒய்.பி.பி.சி.3 என்று பெயரிடப்பட்ட அந்த மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தடிப்பு நோய்க்குக் காரணமான மரபணுப் பிழைகளில் மிகப் பெரும்பங்கு இந்த இரண்டு மரபணுக்களில்தான். பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை.

அந்தக் காலத்தில் இந்தியக் குடும்பங்களின் மரபணுவை யாரும் பெரிதாகத் தேடவில்லை. தேடத் தொடங்கிய இடங்களில் ஒன்று, மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், நாகமலையை ஒட்டி இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே சி. ராஜமாணிக்கத்தின் குழு, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இதயவியல் மருத்துவர்களோடும் சேர்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இந்தியக் குடும்பங்களில் எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவின் ஓரிடத்தில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்பது அதில் ஒரு செய்தி. இன்னொரு செய்தியும் அதே கட்டுரையில் இருந்தது: நோயே இல்லாத சாதாரண மக்களிடமும் அதே விடுபாடு கணிசமாகக் காணப்பட்டது. இந்த இரண்டாவது செய்தியை அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை. பிறகு நடந்த அத்தனை வாக்குவாதத்துக்கும் விதை அதில்தான் இருந்தது.

விடுபட்ட 25 எழுத்துகளைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மரபணுவின் அந்தத் துண்டை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டுப் புற ஊதா ஒளியில் பார்க்க வேண்டும். இயல்பானவருக்கு ஒரே கோடு. விடுபாடு உள்ளவருக்கு அதற்குக் கீழே இன்னொரு கோடு, ஏனென்றால் குட்டையான துண்டு வேகமாக ஓடிச் சற்று முன்னால் போய் நிற்கும். ஒரு பிரதி தாயிடமிருந்து, ஒரு பிரதி தந்தையிடமிருந்து வந்திருப்பதால் இரண்டு கோடு.

வேடிக்கை என்னவென்றால், அந்த 25 எழுத்துகளும் புரதத்துக்கான குறியீட்டில் இல்லை. மரபணுவில் பொருளுள்ள பகுதிகளுக்கு எக்ஸான் என்று பெயர், இடையில் வருபவை இன்ட்ரான். செல், முழு மரபணுவையும் ஆர்.என்.ஏ.-வாகப் படியெடுத்து, பிறகு இன்ட்ரான்களை வெட்டி எறிந்து எக்ஸான்களை மட்டும் இணைக்கிறது. தையல்காரர் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துத் துணியை வெட்டுவதுபோல, எங்கே வெட்ட வேண்டும் என்ற குறி இன்ட்ரானுக்குள்ளேயே இருக்கிறது. 32-ஆம் இன்ட்ரானில் 25 எழுத்துகள் போனதும் அந்தக் குறி அழிந்துவிடுகிறது. வெட்டுகிற இயந்திரம் 33-ஆம் எக்ஸானையும் சேர்த்து எறிந்துவிடுகிறது. விளைவு, புரதத்தின் வால் முனை கோணலாகிறது. இழையில் ஊன்றி நிற்க வேண்டியதே அந்த முனைதான்.

மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பெருந்துறை தண்டபாணி, இந்த விடுபாட்டுக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை நாடு தழுவியதாக்கினார். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் தலைமையில், சக்திவேல் சடையப்பன், பின்னாளில் மதுரை மருத்துவக் கல்லூரி முதல்வராக இருந்த இதய அறுவை மருத்துவர் ஆ. ரத்தினவேல், பிரிட்டனின் சாங்கர் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் டைலர்-ஸ்மித் என்று பலர் சேர்ந்த கட்டுரை 2009-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்தது. இந்தியத் துணைக்கண்ட மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இந்த விடுபாடு இருக்கிறது. இதயத் தசை நோயாளிகளிடம் அதைவிடப் பல மடங்கு அதிகம். நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டால் வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய 7 என்றது அது. இந்த விடுபாடு 30,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் துணைக்கண்டத்தில் தோன்றியிருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். இத்தனை கெடுதல் செய்வது ஏன் அழியவில்லை? பாதிப்பு நடுத்தர வயதுக்குப் பிறகுதான் தெரிகிறது, அதற்குள் பிள்ளை பெற்று அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். இளவயதில் செல் கோணல் புரதத்தைச் சிதைத்து அப்புறப்படுத்துகிறது, வயதாக ஆகச் சுத்தம் செய்யும் வேலை தளர்ந்து புரதம் சேர்கிறது என்றும் கருதினார்கள்.

உலகில் நூறில் ஒருவருக்கு இருக்கும் மரபணுப் பிழை என்று பத்திரிகைகள் எழுதின. இந்தியர்களுக்கு ஏன் மாரடைப்பு அதிகம் என்ற புதிர் அவிழ்ந்ததாகவும் சிலர் புரிந்துகொண்டார்கள். அது தவறு. இந்தப் புரதத்துக்கும் ரத்தக் குழாயில் கொழுப்பு படிவதற்கும் சம்பந்தமில்லை.

சாதாரணக் கூட்டல் கழித்தலே ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியில் சுமார் 36,500 பேர். நூற்றுக்கு நான்கு என்ற விகிதத்தை அங்கே பொருத்தினால் விடுபாடு உள்ளவர்கள் 1,460 பேர். 500-க்கு ஒருவர் என்ற கணக்கில் தடிப்பு நோய் உள்ளவர்கள் 73 பேர். அந்த 73 பேருக்கும் விடுபாடு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மீதி சுமார் 1,400 பேர் எந்த நோயும் இல்லாமல் கேரட் விளைவித்துக்கொண்டும் ஜீப் ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள் என்றல்லவா ஆகிறது? அப்படியானால் விடுபாடு மட்டும் நோயைத் தருவதில்லை. கூட வேறு ஏதோ இருக்கிறது.

அந்த "வேறு ஏதோ"வைத் தேடியவர்களில் முந்திக்கொண்டவர் சக்திவேல் சடையப்பனே. மதுரைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா போய், வாழ்நாள் ஆராய்ச்சியையே இந்தப் புரதத்துக்குக் கொடுத்தவர். 2018-ல் அவரது குழு, அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்தது. விடுபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இன்னொரு எழுத்து மாற்றமும் இருந்தது. இரண்டும் உள்ளவர்களின் இதயம் அளவுக்கு மீறிச் சுருங்குவதை எக்கோவில் பார்த்தார்கள். 2020-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹார்ப்பரும் சகாக்களும் அதற்கும் மேலே போனார்கள். விடுபாடு உள்ள குரோமோசோம்களில் ஒரு சிறு பங்கில், வெகு தூரம் தள்ளி, வேறொரு இன்ட்ரானுக்குள் ஜி என்ற ஓரெழுத்து ஏ-ஆக மாறியிருக்கிறது. அது பொய்யான வெட்டுக் குறியை உண்டாக்குகிறது. எறிய வேண்டிய 50 எழுத்துகள் புரதக் குறியீட்டுக்குள் நுழைகின்றன. மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய குறியீட்டில் 50 நுழைந்தால் வாசிப்பே குழம்பி, புரதம் பாதியில் நின்றுபோகும். இந்த இரண்டாவது மாற்றம் உள்ளவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, 25 எழுத்து விடுபாட்டுக்கும் தடிப்பு நோய்க்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது.

குற்றவாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்காகவே விடுபாடு பழிசுமந்தது என்று இதைச் சொல்லலாம். அதற்காக 2009 கட்டுரை வீண் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தியர்களின் இதய மரபணுவை இந்திய நோயாளிகளிடமே தேட வேண்டும் என்று காட்டியது அதுதான். அந்த அடையாளம் இல்லாவிட்டால், தெற்காசியர்களிடம் ஒளிந்திருந்த உண்மையான பிழையை ஐரோப்பிய ரத்த மாதிரிகளை மட்டும் வைத்துக் கண்டிருப்பது கடினம். விடுபாடு முற்றிலும் நிரபராதி என்று தீர்ப்பெழுதவும் அவசரம் வேண்டாம். வேறு காரணத்தால் ஏற்கெனவே பலவீனமான இதயத்தில் அது என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி தொடர்கிறது.

நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நெருங்கிய உறவுக்குள் நடக்கின்றன. தாய்மாமனும் அக்கா மகளும் ஒரே பிழையின் ஒவ்வொரு பிரதியை வைத்திருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பிழையாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. இந்த மரபணுவில் புரதத்தைப் பாதியில் நிறுத்தும் பிழை இரட்டையாக வந்தால் கைக்குழந்தைப் பருவத்திலேயே இதயம் செயலிழக்கும். பழனி மலையின் பழங்குடிகளும் மேல்மலைக் கிராமத்தாரும் தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் செய்து வந்தவர்கள் என்பதால், மருத்துவ மரபியலாளர்கள் அங்கெல்லாம் குடும்ப வரலாற்றைக் கேட்டறிவது நோயைக் கண்டுபிடிக்கும் மலிவான வழி. கண்டிப்பாகச் செய்ய வேண்டிய வேலையும்கூட.

மூலக்கூறு வரை போய்த் தேடியதற்குப் பலன் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. தடிப்பு நோயில் தேவைக்கு மீறி மயோசின் தலைகள் வேலைக்கு வந்துவிடுகின்றன என்ற புரிதலிலிருந்து மேவாகாம்டென் என்ற மாத்திரை பிறந்தது. தலைகளில் ஒரு பகுதியை ஓய்வுக்குத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. வழி அடைபட்ட வகை நோய்க்கு 2022 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. அளவு மீறினால் இதயத்தின் இறைப்பே குறைந்துவிடும் என்பதால் அடிக்கடி எக்கோ எடுத்துக் கண்காணிக்க வேண்டும். எம்.ஒய்.பி.பி.சி.3-யின் நல்ல பிரதியை வைரஸ் மூலம் இதயத்துக்குக் கொண்டுசேர்க்கும் மரபணு சிகிச்சையை 2023-ல் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இவை நம் கைக்கு எட்டும் விலையில் வரும்வரை மெட்டோபுரோலால் போன்ற பழைய பீட்டா தடுப்பு மாத்திரைகளே பெரும்பாலோருக்குத் துணை. அவை மலிவு, எங்கும் கிடைக்கும். அட்ரினலினின் வேகத்தை அடக்குவதுதான் அவற்றின் வேலையும். திடீர் மரண அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு மார்பில் பொருத்தும் டிஃபிபிரிலேட்டர் உயிரைக் காக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். "25 எழுத்து விடுபாடு உங்களுக்கு இருக்கிறதா?" என்று விளம்பரம் செய்து விற்கும் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். இருந்தாலும் அதை வைத்து உங்களால் எதையும் முடிவு செய்ய முடியாது. மாறாக, உங்கள் குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென இறந்திருந்தாலோ, இதயத் தசைத் தடிப்பு என்று மருத்துவர் யாருக்காவது சொல்லியிருந்தாலோ, அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ஓர் இ.சி.ஜி.-யும் எக்கோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளின் இதயவியல் பிரிவிலேயே இவற்றை எடுக்கலாம். மரபணுச் சோதனை தேவைப்பட்டால் முதலில் நோயாளிக்குச் செய்து, பிழை தெரிந்த பிறகே மற்றவர்களுக்குச் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு இன்று இயல்பு என்று வந்தாலும் வளரும் பருவத்தில் தசை தடிக்கக்கூடும். ஆகவே மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பாருங்கள், பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள்.